கல்லூரி மாணவர்களுக்கு மீள்நோக்கு எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களும் படிப்பவர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் ஆசிரியரை நோக்கியவை. தனியாக முயன்று பார்க்க நினைக்கும் மாணவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போகலாம்.

மீள்நோக்கு எழுத்து என்றால் டைரி எழுதுவதா?

டைரியில் அன்றைக்கு நடந்தது வரும். இதில் படித்ததிலிருந்து ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு நான்கு விஷயம் எழுத வேண்டும்: அதை எப்படிப் படித்தேன், எது புரிந்துவிட்டதாக நினைத்தேன், உண்மையில் எது புரிந்திருந்தது, அடுத்த முறை எதை மாற்றப்போகிறேன்.

"இன்று யூனிட் 3 முடிந்தது, நன்றாகப் புரிந்தது" என்பது டைரி. "தேய்மானம் நேர்கோட்டு முறையில் போட வருகிறது. குறைந்து செல் மதிப்பு முறையில் இரண்டாம் ஆண்டுக்கும் முதல் விலையிலேயே சதவீதம் போட்டுவிட்டேன், விடையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது" என்பது மீள்நோக்கு. இரண்டாவதைப் படிக்கும் வேறு ஒருவருக்கே, எழுதியவர் அடுத்து எந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எழுதியது தேறுமா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும்.

இதனால் மார்க் ஏறுமா?

எழுதுவதால் மட்டும் ஏறாது. எழுதியதில் தெரியவந்ததை வைத்துப் படிக்கும் முறையை மாற்றினால் ஏற வாய்ப்பு உண்டு. இதைத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தன்னையே கண்காணிக்கும் திறனுக்கு அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவல் 1970-களில் 'மெட்டாகாக்னிஷன்' என்று பெயர் வைத்தார். படிப்பில் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நோட்ஸை மூன்றாம் தடவை புரட்டும்போது எல்லா வரியும் பார்த்த வரியாகவே தெரியும். பார்த்தது தெரிந்ததாகிவிட்டது என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பாடப்பகுதியை இரண்டு தடவை படித்தவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பக்கத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். அவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது; திரும்பப் படித்தவர்களுக்கு 42. தேர்வுக்கு முந்தின இரவு படிப்பவர்கள் தங்கள் முறை பலிக்கிறது என்று ஏன் உறுதியாக நம்புகிறார்கள் என்பதற்கும், மூன்றாம் செமஸ்டரில் முதல் செமஸ்டர் பாடம் ஏன் ஒன்றும் நினைவில் இல்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

எவ்வளவு அடிக்கடி எழுத வேண்டும்? எவ்வளவு நேரம்?

வாரம் ஒரு முறை, 7 நிமிடம், அரைப் பக்கம். ஒரு செமஸ்டருக்கு 8 முதல் 10 பதிவுகள் வந்தால் தாராளம். தினமும் எழுதச் சொன்னால் மூன்றாவது வாரத்திலேயே பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுதும் நேரத்தை வகுப்புக்குள்ளேயே வையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தால் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் பஸ் பிடித்து, போனதும் வீட்டு வேலையைப் பார்க்கிற பெண்களுக்கு அது இன்னொரு அசைன்மென்ட். வகுப்பு முடிய 10 நிமிடம் இருக்கும்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டும். மணி அடித்த பிறகு எழுத வைத்தால் காலில் செருப்பை மாட்டிக்கொண்டேதான் எழுதுவார்கள்.

என்ன கேள்வி கொடுப்பது?

"இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டால் பாடத்தலைப்பு திரும்பி வரும். "வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பரா இருந்துச்சு மேம்" வரும். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் அப்படியேதான் வரும்.

வேலைக்காகும் கேள்விகள் சில: இன்றைய பாடத்தில் எந்த வரியில் வழி தவறியது? அதற்கு முந்தின வரி வரை புரிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? போன வாரம் மாற்றுவேன் என்று எழுதியதைச் செய்தாயா, செய்யவில்லை என்றால் எது தடுத்தது? இதே தலைப்பைப் பிளஸ் டூ படிக்கும் தங்கைக்குச் சொல்லித்தரப் போனால் எங்கே திணறுவாய்?

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும், மிஞ்சினால் இரண்டு. "போன வாரம்" கேள்வியை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேளுங்கள். அது இல்லாவிட்டால் குறிப்பேடு முழுக்க வாக்குறுதிகள்தான் நிரம்பும்.

இன்டர்னல் தேர்வுக்குப் பிறகு இதை எப்படிச் செய்வது?

ஒரே ஒரு முறைதான் செய்ய முடியும் என்றால் இங்கே செய்யுங்கள். கையில் விடைத்தாள் என்ற சான்று இருப்பதால் யாரும் கதை விட முடியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவட் பரவலாக்கிய முறையை நம்மூர்த் தேர்வுக்கு ஏற்ப இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

1. தேர்வு எழுதி முடித்ததும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், 2 மார்க், 5 மார்க், 10 மார்க் பகுதிகளில் தனித்தனியாக எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவர் அதைப் பார்க்கக் கூடாது என்றால் தனிச்சீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

2. திருத்திய தாளைத் தரும் அன்றைக்கு ஓர் அரைத்தாளும் கொடுங்கள். முதலில் எத்தனை மணி நேரம், எந்தெந்த நாளில், எப்படிப் படித்தேன் என்று எழுதட்டும். நோட்ஸைத் திரும்பப் படித்தது, மனப்பாடம் செய்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தது, பழைய கேள்வித்தாள் போட்டது, தோழிக்குச் சொல்லிக்கொடுத்தது என்று பிரித்து எழுத வேண்டும்.

3. இழந்த மார்க்கை ஐந்தாகப் பிரிக்கட்டும்: பாடமே தெரியாது, தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், செய்முறையில் பிழை, நேரம் போதவில்லை. எத்தனை கேள்வி என்று எண்ணாமல் எத்தனை மார்க் என்று எண்ண வேண்டும்.

4. அடுத்த தேர்வுக்கு மாற்றப்போவது ஒன்றே ஒன்று. கிழமையும் நேரமும் போட்டு எழுத வேண்டும்.

5. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த இன்டர்னலுக்கு ஒரு வாரம் முன்பு திருப்பிக் கொடுங்கள்.

பெரும்பாலான இடங்களில் விட்டுப்போவது ஐந்தாவது படிதான். திருப்பிக் கொடுக்காவிட்டால் முதல் நான்கும் வெறும் படிவம் நிரப்பும் வேலை.

மூன்றாவது படியில் இன்னொரு சிக்கல் வரும். எல்லாரும் எல்லாவற்றையும் "கவனக்குறைவு" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொல்லை முதலிலேயே தடைசெய்துவிடுங்கள். பி.காம். முதலாம் ஆண்டு இறுதிக் கணக்குகளை எடுத்துக்கொண்டால், கொடுபட வேண்டிய கூலியை வியாபாரக் கணக்கில் கூட்டிவிட்டு இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கம் காட்டாமல் விடுவார்கள். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டை இலாப நட்டக் கணக்கில் கழித்துவிட்டு சொத்துகள் பக்கம் விட்டுவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கவனக்குறைவு மாதிரிதான் தெரியும். அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே பிழை: ஒவ்வொரு சரிக்கட்டுதலுக்கும் (அட்ஜஸ்ட்மென்ட்) இரண்டு இடம் உண்டு என்பது மனதில் பதியவில்லை. "இன்னும் கவனமாக இருப்பேன்" என்று எழுதுகிறவர் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் விழுவார். "கணக்கு போடும் முன் ஒவ்வொரு சரிக்கட்டுதலுக்குப் பக்கத்திலும் 1, 2 என்று எழுதி, காட்டியதும் டிக் அடிப்பேன்" என்று எழுதுகிறவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

எதிர்பார்த்த மார்க்குக்கும் வந்த மார்க்குக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 40 எதிர்பார்த்து 22 வாங்கியவரும், 22 எதிர்பார்த்து 22 வாங்கியவரும் ஒரே நிலையில் இல்லை. முதலாமவருக்குத் தன் நிலையே தெரியவில்லை; இரண்டாமவருக்குத் தெரிகிறது, எப்படி ஏறுவது என்றுதான் தெரியவில்லை. அறிவுரையும் ஆளுக்கேற்ப வேறாக இருக்க வேண்டும்.

ஆய்வக வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டே இருக்கிறதே, இது எதற்கு?

ரெக்கார்டு நோட்டில் சரியாக வந்தது மட்டும்தான் ஏறும். தப்பாகப் போனது அப்சர்வேஷன் நோட்டில் அடித்துத் திருத்தப்பட்டுக் கிடக்கும். மீள்நோக்குக்குச் சரக்கு அந்த அடித்தலில்தான் இருக்கிறது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) பாருங்கள். 20 மி.லி. ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60–70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டில் இருந்து பெர்மாங்கனேட்டை விட வேண்டும். ஒரு மாணவருக்கு 17.2, 18.4, 18.5 என்று வருகிறது. கடைசி இரண்டும் 0.1-க்குள் ஒத்துப்போவதால் முதலாவதை அடித்துவிட்டு ரெக்கார்டை முடித்துவிடுவார்.

"முதல் அளவு ஏன் குறைந்தது?" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். நல்ல பதிவு இப்படி வரலாம்: "குடுவையைச் சூடாக்கிய பிறகு பியூரெட்டை நிரப்பப் போனேன், அதற்குள் ஆறிவிட்டது. ஆறிய கரைசலில் வினை மெதுவாக நடப்பதால் இளஞ்சிவப்பு உடனே மறையவில்லை. அதை முடிவுநிலை என்று நினைத்து நிறுத்திவிட்டேன். நிறத்தைப் பார்த்தேனே தவிர, அது 30 விநாடி நிற்கிறதா என்று பார்க்கவில்லை. அடுத்த முறை பியூரெட்டை நிரப்பி பூஜ்யம் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்."

இந்த ஐந்தாறு வரியில் வேதியியலும் இருக்கிறது, வேலை செய்யும் ஒழுங்கும் இருக்கிறது. கரைசல் பழுப்பாகக் கலங்கியது என்று ஒருவர் எழுதினால் கந்தக அமிலம் குறைந்திருக்கும். மூன்று அளவும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போனால், அடர்நிறக் கரைசலுக்கு மேல்விளிம்பைப் பார்ப்பதற்குப் பதில் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் பார்த்திருப்பார். விளக்கத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஊகிக்கும் வேலை அவருடையது.

மேம்போக்காக எழுதுவதை எப்படி அடையாளம் காண்பது?

சிட்னி பல்கலைக்கழகத்தின் ஹாட்டனும் ஸ்மித்தும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்து 1995-இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள்: வெறும் விவரிப்பு, காரணத்தோடு விவரிப்பு, தனக்குத்தானே மறுகேள்வி கேட்டுக்கொள்வது, விஷயத்தைச் சமூகச் சூழலில் வைத்துப் பார்ப்பது. இளங்கலை முதலாம் ஆண்டில் முதல் வகையிலிருந்து இரண்டாவதுக்கு ஏறினாலே போதும். பி.எட். படிப்பவர்களிடம் மூன்றாவதை எதிர்பார்க்கலாம். அவர்களுக்குப் பள்ளியில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சி இருப்பதால் எழுத விஷயமும் நிறைய இருக்கும்.

கண்ணில் படும் அடையாளங்கள் எளியவை. "மறக்க முடியாத அனுபவம்", "தன்னம்பிக்கை வளர்ந்தது", "விடாமுயற்சியே வெற்றி தரும்" போன்ற வரிகள் எந்தப் பாடத்துக்கும் எந்த ஆளுக்கும் பொருந்தும். என்.எஸ்.எஸ். முகாம் அறிக்கைகள் பலவற்றில் ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டுக்கும் அதையே கொடுக்கலாம். அப்படிப்பட்ட வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் "எப்போது? எந்த இடத்தில்?" என்று மட்டும் எழுதுங்கள்.

கிப்ஸ் சுழற்சி மாதிரி ஒரு படிவம் தேவையா?

கிரகாம் கிப்ஸ் 1988-இல் கொடுத்த ஆறு படிகள் (நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, செயல்திட்டம்) நர்சிங், பி.எட். போன்ற தொழிற்படிப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். 7 நிமிட எழுத்துக்கு ஆறு தலைப்பு அதிகம். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி நிரப்பிவிடுவார்கள். என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்றே போதும்.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அதில் எழுதட்டும். இங்கிலீஷ் மீடியம் வகுப்பிலும் பெரும்பாலானவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நிறைய. அவர்களை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தெரிந்த வாக்கியத்துக்கு ஏற்றபடி அனுபவத்தை வெட்டிக்கொள்வார்கள். "ஐ லேர்ன்டு மெனி திங்ஸ்" என்பதற்குமேல் போகாது. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு மீதியைத் தமிழில் எழுதுவது தாராளமாக ஏற்கத்தக்கது. பேச்சுத்தமிழில் எழுதினாலும் சரி. சந்திப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தாதீர்கள், தமிழ்த்துறை ஆசிரியராக இருந்தாலும்.

மார்க் கொடுக்கலாமா?

உள்ளடக்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அக மதிப்பீட்டின் 25-இல் அசைன்மென்டுக்கு ஒதுக்கும் பகுதியிலிருந்து, 8 பதிவு எழுதினால் முழு மார்க், 6 எழுதினால் பாதி என்று எண்ணிக்கைக்குக் கொடுங்கள். உள்ளடக்கத்துக்கு மார்க் என்றால் "எனக்கு இன்னும் புரியவில்லை" என்று எழுத யாருக்கும் மனசு வராது. ஆசிரியர் சந்தோஷப்படும் முன்னேற்றக் கதை ஒன்றை எழுதித் தருவார்கள், அதற்கும் திறமை வேண்டும்தான்.

60 பேர் எழுதியதை யார் படிப்பது?

ஒரு தாளுக்கு 2 நிமிடம் என்றாலும் 60 தாளுக்கு 2 மணி நேரம் ஆகும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் இது நடக்கிற காரியமில்லை. வாரம் 12 தாள் வீதம் வரிசை எண்படி எடுங்கள். ஐந்து வாரத்தில் எல்லாரையும் ஒரு சுற்று படித்துவிடலாம். மற்ற 48-ஐ "எங்கே வழி தவறியது" என்ற வரியை மட்டும் பார்த்துப் புரட்டுங்கள். 15 பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கி, "நீங்கள் எழுதியதால் இதைத் திரும்ப எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். எழுதினால் பலன் உண்டு என்று மாணவர்கள் நம்ப ஆரம்பிப்பது அப்போதுதான்.

சாட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வந்தால்?

வகுப்பிலேயே கையால் எழுத வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, சான்றைக் கேளுங்கள்: விடைத்தாளின் கேள்வி எண், அப்சர்வேஷன் நோட்டின் பக்க எண், அடித்த அளவு. துப்பறியும் வேலையில் இறங்காதீர்கள். சந்தேகப்பட்டுக் கேட்ட பிறகு அந்த வகுப்பில் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள்.

சொந்தப் பிரச்சினைகளை எழுதிவிட்டால் என்ன செய்வது?

முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லுங்கள். இதை யார் படிப்பார்கள் என்பது ஒன்று. படிக்க வேண்டாம் என்று நினைக்கும் பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுக்கலாம், பிரிக்க மாட்டோம் என்பது இன்னொன்று. வீட்டுச் சண்டை, சாதி சார்ந்த அவமானம், பணக்கஷ்டம் எதையும் எழுதச் சொல்லித் தூண்டும் கேள்வியைக் கொடுக்காதீர்கள்.

எழுதிவிட்டால், தாளில் பதில் எழுதாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். துறை அறையில் மற்றவர்கள் முன்னால் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியும்படி ஒரு வரி இருந்தால் அன்றைக்கே பேச வேண்டும். கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப்போக வேண்டும். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். படிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி பின் அடித்த பக்கத்துக்குத்தான்; இந்த மாதிரி விஷயத்தில் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

மழைக்கால விடுமுறைகளில் தொடர்ச்சி அறுந்துபோகிறதே?

வடகிழக்குப் பருவமழையும் ஒற்றைப்படை செமஸ்டரின் கடைசி யூனிட்டுகளும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நடந்தது போல, வகுப்பு நின்றாலும் தேர்வு பின்னாலேயே நிற்கும். விட்டுப்போன பதிவுகளை மொத்தமாக எழுத வைக்காதீர்கள், பொய்தான் வரும். கல்லூரி திறந்த முதல் வகுப்பில் ஒரே பதிவு போதும்: விடுமுறைக்கு முன் படித்ததில் நோட்டைப் பார்க்காமல் என்ன எழுத முடிகிறது, நோட்டைத் திறந்து பார்த்தால் எது விட்டுப்போயிருக்கிறது. பாடத்தை எங்கிருந்து எடுப்பது என்று உங்களுக்கும் தெரியும். நோட்டே நனைந்து போனவர்களுக்கு நகல் ஏற்பாடு செய்வது இதற்கு முந்தின வேலை.

ஆசிரியர் சொல்லாமலே நானாகச் செய்யலாமா?

செய்யலாம். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடது பக்கம் மட்டும் எழுதி, வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். வாரக் கடைசியில் ஒரு பாடத்தை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து 5 நிமிடம் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் குறியுங்கள். ஏன் விட்டுப்போனது, அடுத்த வாரம் எதை மாற்றுவேன் என்று இரண்டு வரி.

ஒரு வாரம் கழித்து வலது பக்கத்தில், சொன்னதைச் செய்தேனா, செய்ததால் ஏதாவது மாறியதா என்று எழுதுங்கள். புதுச்சேரி-கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் இதை முடித்துவிடலாம். நின்றுகொண்டு போனால் போனில் பேசிப் பதிவுசெய்து, பிறகு இரண்டு வரியாக எழுதிக்கொள்ளலாம்.

அரியர் இருக்கும் பாடத்தில் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே ஒருமுறை தேர்வு எழுதியிருப்பதால் எங்கே சறுக்கியது என்பதற்குச் சான்று கையில் இருக்கும். மூன்று வாரம் ஆகியும் வலது பக்கம் காலியாகவே கிடந்தால் இடது பக்கத்தில் புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, பழைய மூன்று வாரத்துக்கு வலது பக்கத்தை முதலில் எழுதுங்கள்.